நடுவில் எடுக்காத அளவு

மே 3

வந்து சேர்ந்தாயிற்று. ஹெலிகாப்டரை விட்டு இறங்கியதும் வழக்கம்போல் காது அடைத்துக்கொண்டது. மத்தியானச் சாப்பாடு வரைக்கும் யார் என்ன சொன்னாலும் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். எதற்கெல்லாம் சரி சொன்னேன் என்பது போகப் போகத்தான் தெரியும்.

மும்பைக்கு மேற்கே, கரை கண்ணுக்கே தெரியாத தூரத்தில், நான்கு இரும்புக் கால்களில் நிற்கிற எண்ணெய் மேடை இது. மேலே வால்வுகளும் கிரேனும் தங்கும் அறைகளும் ஒரு சாப்பாட்டு அறையும் இருக்கின்றன. என் பிழைப்பு தண்ணீருக்குள் இருக்கிற கால்களோடு. கடல் தண்ணீர் இரும்பைச் சும்மா விடாது, அரித்துவிடும். அதனால் கால்களின் வெளிப்பக்கத்தில் பெரிய பெரிய அலுமினியக் கட்டிகளைப் பொருத்துகிறோம். ஆனோடு என்பது அதற்குப் பெயர். கடல் அந்தக் கட்டியைக் கரைத்துத் தின்னும், இரும்பை விட்டுவிடும். இங்கே இருந்தவை தீர்ந்துபோய், போன சீசனில் புதுக் கட்டிகள் மாட்டியிருக்கிறார்கள். அவை ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று அளந்து சொல்ல வேண்டும். ஜூன் பிறந்து மழை பிடித்துவிட்டால் செப்டம்பர் வரை இந்தக் கடலில் ஒருத்தரும் முங்க முடியாது.

ஆபீசுக்கு எழுதுவதெல்லாம் இங்கிலீஷில். இதை மட்டும் தமிழில் எழுதுகிறேன். போன வருஷத்திலிருந்து இப்படி ஒரு பழக்கம். கைக்குத் தமிழ் மறந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான், வேறு காரணம் எதுவும் இல்லை.

சாயங்காலம் பொன்னழகு அக்கா சிங்கம்புணரியிலிருந்து போன் செய்தாள். என் மனைவி சௌந்தரத்தின் முதல் திவசம் இருபத்துநாலாம் தேதி வருகிறதாம். ஐயரிடம் சொல்லியாயிற்றாம். "நீ இல்லாம அந்தப் புள்ளயத் தனியா உக்கார வச்சு என்னால எதையும் செய்ய முடியாதுடா. ரெண்டு நாள் முன்னாடியே வந்துரு" என்றாள். அபி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். அவளுக்கென்ன, நல்லாயிருக்கா என்றாள். என் மகள் இப்போது அக்கா வீட்டில்தான் இருக்கிறாள். காரைக்குடிக்கு பஸ்ஸில் போய்ப் படித்துவிட்டு வருகிறாள், கல்லூரியில் இரண்டாம் வருஷம்.

வேலை முடிந்தால் வந்துவிடுகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். முடிந்துவிடும். ஒரு வாரத்து வேலைதான்.


மே 4

காற்று. வேலை இல்லை. துவைத்த சட்டைகளையே இன்னொரு தடவை துவைத்தேன்.


மே 6

நான்கு கால்களிலும் அளவு எடுத்து முடித்தேன். ஹாஃப் செல் என்று ஒரு சின்னக் குழாய், நீள ஒயரில் கட்டி, மேலிருந்து காலோரமாகக் கடலுக்குள் இறக்க வேண்டும். ஒயரின் மறுமுனை மீட்டரில். மீட்டரில் எண்ணூறு மில்லிவோல்ட்டுக்கு மேல் காட்டினால் இரும்பு பத்திரம். அதற்குக் கீழே இறங்கினால் கடல் கடிக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். எல்லாக் காலிலும் தொள்ளாயிரத்துக்கு மேல். சும்மா சொல்லக் கூடாது, மாட்டினவன் நன்றாக மாட்டியிருக்கிறான்.

மும்பை ஆபீசில் பட்வர்தன் சாருக்குச் சொன்னேன். மனுஷனுக்கு ஒரே சந்தோஷம். அறிக்கையை எழுதிவிட்டு பத்தாம் தேதி ஹெலிகாப்டரில் ஏறிவிடு, ஒரு மாதம் ஊரில் இருந்துவிட்டு வா என்றார். அவராக லீவு கொடுத்து நான் கேட்டதே இல்லை.

ஒரு மாதம்.

மேடையை ஒட்டி டைவர்களின் படகு நிற்கிறது. அதில் லியோன் என்று ஒருவர் இருக்கிறார். உவரிக்காரர். முங்குவதில் புலி, வாயும் சும்மா இருக்காது. இந்த இரும்புக் காட்டில் தமிழ் பேச அவரை விட்டால் எனக்கு ஆள் கிடையாது. எல்லாரும் என்னை சேவக் என்று கூப்பிடுகிறார்கள். சேவுகப்பெருமாள் என்று முழுப்பேரையும் சொல்கிறவர் அவர் ஒருத்தர்தான், அதுவும் கிண்டல் பண்ணும்போது.


மே 7

அறிக்கை எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.

அளந்த அளவெல்லாம் கால்களின் வெளிப்பக்கத்து அளவு. மேலிருந்து ஒயர் இறக்க அங்கேதான் வசதி. ஆனோடுகளும் அதே பக்கம்தான் இருக்கின்றன. மேடையின் நடுவயிற்றில் கிணற்றுக் குழாய்கள் கட்டுக் கட்டாகக் கீழே போகின்றன. நான்கு பக்கத்திலிருந்தும் வருகிற குறுக்குக் குழாய்கள் அவற்றைச் சுற்றி ஒரு கணுவில் சேர்கின்றன. அங்கே ஒயர் போகாது, ஆள் முங்கித்தான் அளக்க வேண்டும். பொதுவாக இந்த அளவை யாரும் கேட்பதில்லை. வெளிப்பக்கம் தொள்ளாயிரம் என்றால் உள்ளேயும் தேவலையாகத்தான் இருக்கும் என்று எழுதிவிடுவது வழக்கம். நானே அப்படி எழுதியிருக்கிறேன்.

இந்தத் தடவை அப்படி எழுத மனது வரவில்லை. நடுக்கணுவில் ஒரு தடவை முங்கி அளக்க வேண்டும் என்று பட்வர்தன் சாரிடம் கேட்டேன். எதற்கு என்றார். மழைக்காலம் முழுக்க யாரும் பார்க்க முடியாதே சார் என்றேன். அரை மனதோடு ஒத்துக்கொண்டார். அப்படியானால் பத்தாம் தேதி ஹெலிகாப்டர் உனக்குக் கிடையாது என்றார். பரவாயில்லை என்றேன்.

லியோன் கேட்டுவிட்டுச் சிரித்தார். "வீட்டுக்குப் போன்னு சொன்னா எல்லாரும் ஓடுவாவ. நீங்க என்னன்னா அளக்கதுக்கு எடம் தேடுதிய" என்றார். எனக்குச் சுருக்கென்றது. வேலையை வேலையாகச் செய்கிறவனைப் பார்த்தால் இவர்களுக்கெல்லாம் இளக்காரம். மீட்டரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.


மே 10

அலை அடங்கவில்லை, முங்க முடியவில்லை. ஹெலிகாப்டர் வந்தது, ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிற்று. மேல்தளத்தில் நின்று பார்த்தேன். புள்ளியாகி மறைகிற வரைக்கும் நின்றேன், ஏன் என்று தெரியவில்லை.

சமையல்காரர் மண்டல் வங்காளி. இன்றைக்குச் சாம்பார் என்று ஒன்று வைத்தார். சர்க்கரை போட்டிருந்தார். நீ சாப்பிட்டுப் பார்த்திருந்தால் அந்த ஆளை அடுப்படியை விட்டே விரட்டியிருப்பாய்.

நீ என்று எழுதிவிட்டேன். அடிக்காமல் விடுகிறேன், பேனா மை குறைவு.


மே 11

காலையில் கடல் அடங்கியது. லியோன் முங்கினார். நான் படகில் மீட்டரோடு உட்கார்ந்திருந்தேன். அவர் தலைக்கவசத்திலிருந்து குரல் மட்டும் ஸ்பீக்கரில் வந்துகொண்டிருந்தது, மூச்சுக்கு மூச்சு ஒரு வார்த்தை.

"நடுவுக்கு வந்துட்டேன் அண்ணாச்சி. செல்லு வச்சாச்சு. பாருங்க."

எழுநூற்று முப்பது.

ஒயர் எங்கேயோ விட்டிருக்கிறது என்று நினைத்தேன். இணைப்பைக் கழற்றிச் சுரண்டி மறுபடி மாட்டினேன். இரும்பை நன்றாகத் தேய்த்துவிட்டு இன்னொரு தடவை வைக்கச் சொன்னேன். அதே எழுநூற்று முப்பது. பத்தடி தள்ளி வைக்கச் சொன்னேன், எழுநூற்று நாற்பது. அவரே விரலால் தடவிப் பார்த்துவிட்டு, குழி விழுந்திருக்கு, தடவினால் கறுப்பாகப் பொடி வருகிறது என்றார்.

வெளியே மாட்டிய ஆனோடு உள்ளே எட்டவில்லை. அத்தனை குழாய்களும் கூட்டமாக நின்று கிடைக்கிற கொஞ்சநஞ்சத்தையும் குடித்துவிடுகின்றன. இப்படியே விட்டால் மழைக்கால அலையில் அந்தக் கணு விரிசல் விடும். விட்டால் மேடைக்கே ஆபத்து. மேலே தூங்குகிற அத்தனை பேருக்கும் ஆபத்து.

நான் எதிர்பார்க்கவே இல்லை. நல்ல அளவுதான் வரும் என்று நினைத்துத்தான் கேட்டேன். பிறகு எதற்குக் கேட்டேன் என்றால், கேட்டேன், அவ்வளவுதான்.

மீன் குழம்பு. இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். இப்படிப் பசித்து ரொம்ப நாளாயிற்று.


மே 12

பட்வர்தன் சார் பாராட்டித் தள்ளிவிட்டார். அவர் போட்ட திட்டம் இது. கீழ்த்தளத்திலிருந்து மேடையின் நடுவே சங்கிலி சங்கிலியாக ஆனோடுகளைத் தொங்கவிட வேண்டும். ஒவ்வொன்றின் கேபிளையும் மேடை இரும்போடு பற்றவைக்க வேண்டும். கட்டிகளும் வெல்டர்களும் படகில் வருகிறார்கள். மழைக்கு முன்னால் முடித்தாக வேண்டும், கூடவே நின்று பார்க்க ஆள் வேண்டும், நீ இருப்பாயா என்றார். எத்தனை நாள் ஆனாலும் இருக்கிறேன் என்றேன்.

வீட்டில் ஏதாவது விசேஷம் இருக்கிறதா என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். இதற்கெல்லாம் ஆபீசைத் தொந்தரவு பண்ணக் கூடாது.

அக்காவிடம் சொன்னேன். திவசத்துக்கு வர முடியாது, இங்கே மேடையே ஆட்டம் காணுகிற நிலைமை, சித்தப்பா மகனை வைத்துச் செய்துவிடுங்கள் என்றேன். அவள் திட்டுவாள் என்று தயாராக இருந்தேன். திட்டவில்லை. "அபிகிட்ட நீயே சொல்லு" என்று வைத்துவிட்டாள்.

சாப்பாட்டு அறையில் மட்டும்தான் வைஃபை கொஞ்சம் எடுக்கும். அங்கே எப்போதும் கூட்டம், அதில் நின்று என்னத்தைப் பேசுவது. மெசேஜ் அனுப்பினேன். விவரமாக, காரணத்தோடு. அவள் புத்திசாலி, புரிந்துகொள்வாள்.


மே 14

அபி பதில் போட்டிருக்கிறாள். "சரிப்பா."

நல்ல பெண். இந்த வயதில் வேறு பிள்ளைகள் என்றால் எவ்வளவு அடம் பிடித்திருக்கும். சரிப்பா என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தேன்.

அக்காவிடம் போன் செய்து, அபி ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை, நல்லாத்தான் இருக்கா என்றாள்.


மே 15

கட்டிகள் வந்துவிட்டன. வெல்டர்கள் வரவில்லை. மண்டலுக்கும் கிரேன்காரருக்கும் டீயில் இஞ்சி போடுவதைப் பற்றிச் சண்டை. இருவரும் என்னிடம் நியாயம் கேட்டார்கள். இஞ்சிப் பக்கம் தீர்ப்புச் சொன்னேன். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.


மே 16

வெல்டர்களில் ஒருவன் பெயிண்ட்டுக்கு மேலேயே பற்றவைக்கப் பார்த்தான். வெள்ளி மாதிரி பளபளக்கிற வரைக்கும் தேய்க்க வைத்தேன். இரும்போடு இரும்பு ஒட்டவில்லை என்றால் எத்தனை கட்டி தொங்கவிட்டும் பிரயோஜனம் கிடையாது. மத்தியானம் வரைக்கும் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது.

டீ நேரத்தில் லியோன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வெளியே அவ்வளவு நல்ல அளவு வந்ததே, உள்ளே எப்படி இப்படி என்று கேட்டார். விளக்கினேன். செல்லை ஆனோடு பக்கத்தில் பிடித்தால் அது ஆனோடு சொல்வதைத்தான் கேட்கும், இரும்பு சொல்வது காதில் விழாது. இரும்பின் நிலைமை தெரிய வேண்டுமென்றால் ஆனோடை விட்டு ரொம்பத் தள்ளி, போக வழியில்லாத இடத்தில் பிடிக்க வேண்டும். எங்கள் தொழிலில் எல்லாரும் செய்கிற தப்பு இதுதான், வசதியான இடத்தில் அளந்துவிட்டு வந்துவிடுகிறோம் என்றேன்.

அவர் டீயைக் குடித்து முடித்தார். நான் அக்காவிடம் போனில் பேசியது அவர் காதில் விழுந்திருக்கிறது. ஊரிலே பிள்ளையின் அம்மாவுக்குத் திவசம் வருகிறதே, பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தார். நல்லாயிருக்கா, அக்காவிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்றேன்.

"அக்காட்ட கேட்டிய. சரி. புள்ளைட்ட கேட்டியளா அண்ணாச்சி?"

மீட்டரில் உப்புப் படிந்திருந்தது. துடைத்துப் பெட்டியில் வைத்தேன். நாளைக்கு நிறைய வேலை இருக்கிறது.


மே 17

சாயங்காலம் அபிக்குப் போன் செய்தேன். நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

உடனே எடுத்தாள். பின்னால் சத்தமே இல்லை. அக்கா வீட்டில் டிவியும் பேரப்பிள்ளைகளுமாக எப்போதும் சந்தைக்கடையாகத்தான் இருக்கும். அத்தை எங்கே என்று கேட்டேன். அவங்க வீட்டுல இருப்பாங்க என்றாள். நீ எங்கே இருக்கிறாய் என்றேன். "நம்ம வீட்டுலப்பா" என்றாள்.

பொங்கலுக்கு நான் வந்துவிட்டுப் போன மறுநாளே எங்கள் வீட்டுக்குப் போய்விட்டாளாம். அன்றிலிருந்து தனியாக இருக்கிறாள். அக்கா காலையிலும் சாயங்காலமும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். என்னிடம் சொல்லக் கூடாது என்று அக்காவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அப்பா கடலில் தனியாக இருக்கிறார், இது வேறு எதற்கு என்றாளாம். கல்லூரிக்கும் ஒழுங்காகப் போகவில்லை. பாதி நாள் போகிறாள், பாதி நாள் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறாள்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. வயசுப் பெண் தனியாக இருக்கலாமா, அத்தை வீட்டில் என்ன குறை என்று சத்தம் போட்டேன். சாப்பாட்டு அறையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முழுதும் கேட்டுக்கொண்டாள். பிறகு பேசினாள்.

"அம்மா இருந்தப்ப தெனம் ஆறரைக்கு நீங்க போன் பண்ணுவீங்க. அம்மா ஸ்பீக்கர்ல போட்டுட்டு சமைக்கும். அங்க என்ன சாப்பாடு, யாரு யாரோட சண்ட, எல்லாம் சொல்லுவீங்க. நான் உள்ள படிச்சுக்கிட்டே கேப்பேன். எனக்கு உங்களத் தெரியும்னா அப்படித்தான்பா தெரியும். அம்மா செத்துச்சு. அன்னைக்கோட அந்தப் போனும் நின்னுபோச்சு."

போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கு ரெண்டு பேருமே இல்லாமப் போயிட்டீங்கப்பா" என்றாள். "ஆறரைக்கு வீட்டுல யாராச்சும் இருக்கணும்னு தோணுச்சு. அதான் வந்துட்டேன்."

போன் சூடாகிவிட்டது. வரிசையில் நின்றவர்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை, தமிழ் தெரியாவிட்டாலும். வெளியே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எழுதினால் மனது லேசாகும் என்பார்கள். ஒரு மண்ணும் ஆகவில்லை.


மே 18

பட்வர்தன் சாரிடம் ஊருக்குப் போக வேண்டும் என்றேன். அவருக்கு எரிச்சல். வீட்டில் ஒன்றும் இல்லை என்று அன்றைக்குச் சொன்னாயே, இப்போது பாதியில் விட்டுவிட்டுப் போகிறேன் என்றால் எப்படி என்றார். நியாயம்தான். என் மனைவியின் முதல் திவசம் சார், மகள் தனியாக இருக்கிறாள் என்றேன்.

உன் மனைவி இறந்துவிட்டாளா என்று கேட்டார். போன வருஷம் மூளையில் ரத்தக் குழாய் வெடித்து அவள் விழுந்தபோது நான் வேறொரு மேடையில் இருந்தேன். அவசர வேலை என்று மட்டும் சொல்லி லீவு எடுத்துக்கொண்டு போனேன். எனக்காகக் காத்திருந்து எடுத்தார்கள். காரியம் முடிந்து திரும்பி வந்தபோதும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வருத்தப்படுவார்கள், பிறகு என்ன சொல்வதென்று தெரியாமல் நிற்பார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்குத் தெம்பில்லை.

பத்தாம் தேதி வீட்டுக்குக் கிளம்பாததும் அதனால்தான். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

எல்லாச் சங்கிலியும் தொங்கி, நடுக்கணுவில் ஓர் அளவு எடுத்து, அது ஏறுகிறது என்று தெரிந்ததும் நீ கிளம்பு, மேற்கொண்டு பார்க்க வேறு ஆள் அனுப்புகிறேன் என்றார். இருபத்திரண்டாம் தேதி ஒரு ஹெலிகாப்டர் இருக்கிறது. அதற்குள் முடிய வேண்டும். நானும் அரைகுறையாக விட்டுவிட்டுப் போக மாட்டேன்.

ஆறரைக்கு அபிக்குப் போன் செய்தேன். என்ன பேசுவதென்று தெரியாமல் இஞ்சிச் சண்டையைச் சொன்னேன். சிரித்தாள். வருகிறேன் என்றேன். "வந்தப்புறம் சொல்லுங்க" என்றாள்.


மே 20

வெயிலில் உடம்பு வெந்துவிட்டது. வெல்டர்களுக்கு என்மேல் கொலைவெறி. ராட்சசன் மாதிரி வேலை வாங்குகிறேனாம். மூன்று சங்கிலி இறங்கிவிட்டது.

ஆறரை. மண்டலின் சர்க்கரைச் சாம்பாரைப் பற்றிச் சொன்னேன். அம்மா இருந்தால் என்ன சொல்லியிருக்கும் என்று அவளே அம்மா மாதிரிப் பேசிக் காட்டினாள். போனை வைக்க இருவருக்கும் மனதில்லை.


மே 21

தெற்கே காற்றழுத்தத் தாழ்வு. நாளைய ஹெலிகாப்டர் ரத்து. அடுத்தது எப்போது என்று கடவுளுக்கே தெரியாது.

சாப்பிடப் பிடிக்கவில்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால் இந்தச் செய்தி வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். சட்டையைத் துவைக்கப் போயிருப்பேன்.

லியோன் வந்தார். அவர்கள் படகு புயலுக்கு ஒதுங்க நாளை மத்தியானம் மும்பைத் துறைமுகத்துக்குப் போகிறதாம். "படகு கெடந்து ஆடும். கொடலு வாய்க்கு வந்துரும். வாறியளா?" என்று கேட்டார். வருகிறேன் என்றேன். ஆனால் கடைசிச் சங்கிலி இன்னும் இறங்கவில்லை.


மே 22

விடிந்ததும் கடைசிச் சங்கிலியை இறக்கினோம். அலை கூடிக்கொண்டே வந்தது. இந்த நிலைமையில் யாரையும் முங்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. லியோனே கவசத்தை மாட்டிக்கொண்டார்.

எழுநூற்று அறுபத்தைந்து. ஏறுகிறது. இது விளக்குப் போடுகிற மாதிரி சட்டென்று எரிகிற சமாச்சாரம் இல்லை, எண்ணூறைத் தாண்ட இன்னும் நாள் பிடிக்கும். ஏற ஆரம்பித்துவிட்டது, அது போதும்.

கிரேனில் தொங்கும் கூடையில் நின்று படகில் இறங்கினேன். மண்டல் ஒரு டப்பாவில் ஏதோ கட்டிக் கொடுத்தார். படகில் ஏறியதும் பாதிக் குடல் வெளியே வந்துவிட்டது. எழுத முடியவில்லை.


மே 23

மும்பை. மதுரைக்கு விமானம். பஸ். சிங்கம்புணரியில் இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அபி கதவைத் திறந்து பையை வாங்கிக்கொண்டாள். மெலிந்துவிட்டாள். சாப்பிட்டீங்களாப்பா என்றாள். ம் என்றேன். வேறு பேச்சில்லை. படகு ஆட்டம் இன்னும் காலில் இருக்கிறது.


மே 24

திவசம் முடிந்தது. ஐயர் எள்ளும் தண்ணீரும் விடச் சொன்னார், விட்டேன். பெயர் கேட்டார், சௌந்தரம் என்றேன். அபி பக்கத்திலேயே உட்கார்ந்து தர்ப்பையை எடுத்து எடுத்துக் கொடுத்தாள். காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு நின்றோம். உடனே வந்துவிட்டது. உங்கம்மாவுக்கு அவசரம் என்று அக்கா சொன்னாள். சொந்தக்காரர்கள் சாப்பிட்டுக் கிளம்பினார்கள். கடைசியாக அக்காவும் கிளம்பினாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அவகிட்டப் பேசுடா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

பேசத்தான் வரவில்லை. கடலுக்கு நடுவிலிருந்து அத்தனை பேசியவன் வீட்டுக்குள் வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அவள் முன்னறைக்கு வந்தால் நான் பேப்பரைப் பார்த்தேன். நான் நிமிர்ந்தால் அவள் எதையாவது எடுக்கிற மாதிரி உள்ளே போனாள். காபி வேணுமாப்பா என்றாள். வேண்டாம் என்றேன். வேண்டும் என்று சொல்லியிருக்கலாம் என்று தோன்றுவதற்குள் போய்விட்டாள். இத்தனை வருஷமும் லீவில் வந்தால் சௌந்தரத்திடம்தான் பேசுவேன். மகளிடம் கேட்க வேண்டியதையும் அவளிடமே கேட்டுத் தெரிந்துகொள்வேன். அவளுக்குச் சொல்ல வேண்டியதையும் அப்படித்தான். இப்போது எங்களுக்கு நடுவில் ஒருத்தரும் இல்லை. சௌந்தரம் சுவரில் மாலையோடு இருக்கிறாள், அவளைப் பார்க்கவும் என்னால் முடியவில்லை.

பொழுது சாய்ந்தது. அபி அடுப்படிக்குப் போனாள். வெங்காயம் நறுக்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சட்டென்று நின்றது. என் போன் அடித்தது.

பார்த்தால் அபி. திரும்பிப் பார்த்தேன். அடுப்படி வாசல் வழியாக அவள் முதுகு மட்டும் தெரிந்தது. எடுத்தேன்.

"சொல்லுங்கப்பா" என்றாள். "இன்னைக்கு என்ன நடந்துச்சு?"

அவள் குரல் அடுப்படியிலிருந்தும் வந்தது, போனிலும் வந்தது. அவள் அவசரப்படுத்தவில்லை. ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், எண்ணெயில் கடுகு வெடிப்பது என் காதுக்குள்ளேயே கேட்டது.

"இன்னைக்கு உங்கம்மாவுக்குத் திவசம்மா" என்றேன். "நல்லபடியா முடிஞ்சிச்சு. எல்லாரும் வந்தாங்க. உங்க அத்த வச்ச வடையில உப்பே இல்ல, நான் சொல்லல." கொஞ்சம் நிறுத்தினேன். "எனக்குத்தான் அழுகையே வரல. போன வருசமும் வரல."

"ம்" என்றாள்.

"இப்ப வருது."

அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. அவளும் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. காதில் பிடித்தபடியே எழுந்து அடுப்படிக்குப் போனேன்.